நண்பர்களின் அணி கோல்ஃப்: ஸ்கிராம்பிளா, ஃபோர்பாலா, ஃபோர்சம்ஸா?

எட்டு நண்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து கோல்ஃப் ஆடுவது என்று முடிவானதும், யார் யாரோடு சேர்வது என்ற பேச்சுதான் முதலில் எழும். எந்த முறையில் ஆடுவது என்பதைக் கடைசி நேரத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். முறையை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழுவில் யாருக்கு ஆட்டம் இன்னும் கைவரவில்லையோ, அவருக்கு அந்த நாள் எப்படிப் போகும் என்பதை ஆட்டமுறைதான் தீர்மானிக்கிறது. அவரை மனதில் வைத்தே இங்கே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

கணக்குக்காக நான்கு பேரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜோடியின் ஹேண்டிகேப் (திறமைக்கேற்ப ஒருவருக்குக் கிடைக்கும் சலுகை அடிகளின் எண்ணிக்கை; திறமை குறைந்தவருக்கு இது அதிகம்) 8, 24. எதிர் ஜோடியுடையது 14, 16. நண்பர்கள் குழுவில் இப்படிப்பட்ட இடைவெளி சாதாரணமானது. ஒவ்வொரு முறைக்கும் எத்தனை விழுக்காடு ஹேண்டிகேப் கொடுக்கலாம் என்பதற்கு, 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் பரிந்துரைகள் உள்ளன. கீழே வரும் எண்கள் அவற்றின்படி கணக்கிட்டவை.

ஸ்கிராம்பிளில் எல்லாரும் அடிக்கிறார்கள். நன்றாக விழுந்த ஒரு பந்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்த அடியை எல்லாரும் அந்த இடத்திலிருந்தே ஆடுகிறார்கள். புதியவருக்கு இதைவிட அன்பான முறை கிடையாது. அவருடைய தவறான அடிகள் கணக்கில் ஏறுவதில்லை. பந்தை உருட்டிவிடும் ஒரே ஒரு நீண்ட பட் அடி குழிக்குள் விழுந்தால் அவர்தான் அந்தக் குழியின் நாயகன். ஆனால் 8 ஹேண்டிகேப்காரரின் பந்தே திரும்பத் திரும்பத் தேர்வாகும்போது, 24காரர் தன் பந்தைத் தானே பின்தொடர்ந்து ஆடும் சுகத்தை இழக்கிறார். ஒவ்வொருவரின் தொடக்க அடியையும் குறைந்தது மூன்று குழிகளிலாவது பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே விதித்துவிட்டால் இந்தக் குறை பெரிதும் தீரும். நால்வர் ஒரே அணியாக ஆடினால், குறைந்த ஹேண்டிகேப்பில் தொடங்கி முறையே 25, 20, 15, 10 விழுக்காடு எடுத்துக் கூட்ட வேண்டும். நம் நால்வருக்கு அது 10 வரும். மட்டையைப் புதிதாகப் பிடித்தவர்கள் பாதிப்பேர் இருந்தால் ஸ்கிராம்பிள் ஆடுங்கள். மற்றபடி இதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

ஃபோர்பாலில் நால்வரும் அவரவர் பந்தை ஆடுவார்கள். ஒரு குழியை ஜோடியில் யார் குறைவான அடிகளில் முடிக்கிறாரோ, அவருடைய எண்ணே அணியின் எண். குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேயில் ஒவ்வொருவருக்கும் 90 விழுக்காடு: 7, 22, 13, 14. அதில் மிகக் குறைந்த 7ஐ எல்லாரிடமிருந்தும் கழித்தால் 0, 15, 6, 7. அதாவது 24 ஹேண்டிகேப்காரருக்குப் பதினெட்டுக் குழிகளில் எளிதான மூன்று போக, மற்ற பதினைந்திலும் ஓர் அடி சலுகை. பார் 4, அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழி ஒன்றில் எதிரணிக்குச் சலுகை அடி இல்லையென்றால், அவர் ஐந்தில் முடித்தாலே அவர்களின் நான்கோடு சமம். இந்தக் கணக்கை அவர் உணர்ந்துவிட்டால் அவருடைய ஆட்டமே மாறும். மரங்களுக்கு நடுவே நுழைத்து அடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, புல் வெட்டிய பாதையான ஃபேர்வேக்குப் பந்தைத் திருப்பி, ஐந்தைப் பத்திரமாக எடுப்பார். அந்த ஐந்து கையில் இருக்கும் தைரியத்தில் கூட்டாளி பேர்டிக்கு, அதாவது பாரைவிட ஓர் அடி குறைவாக முடிக்க, துணிந்து ஆடலாம். அணியின் முறை வரும்போது இருவரில் யார் முதலில் அடிப்பது என்பதையும் அணியே முடிவு செய்துகொள்ளலாம். நல்ல ஜோடிகள் இந்த உரிமையை அருமையாகப் பயன்படுத்துகின்றன.

ஃபோர்பாலின் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. பந்தைத் தண்ணீரில் விட்டவர் அந்தக் குழியை விட்டுவிட்டு நடக்கலாம். அணிக்குப் பெரிய இழப்பில்லை. இது தொடர்ந்து நான்கைந்து குழிகள் நடந்தால், அவர் வெறும் துணைக்கு வந்தவராக உணரத் தொடங்குவார். நான்கு பந்துகள் என்பதால் நேரமும் நீளும். தன் பந்து இனி கணக்கில் வராது என்று தெரிந்த கணமே எடுத்துவிடும் ஒழுக்கம் இங்கே அவசியம்.

ஃபோர்சம்ஸ் முற்றிலும் வேறு உலகம். ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவரும் இரட்டைப்படைக் குழிகளில் மற்றவரும் தொடக்க அடி அடிப்பார்கள். தண்டனை அடி விழுந்தாலும் அந்த வரிசை மாறாது. மேட்ச் பிளேயில் முறை தவறி அடித்தால் குழியையே இழக்க நேரும். தொழில்முறை வீரர்களின் அணிப் போட்டியான ரைடர் கோப்பை 1927இல் ஃபோர்சம்ஸும் ஒற்றையர் ஆட்டங்களுமாகத்தான் தொடங்கியது. ஃபோர்பால் அதில் சேர்ந்தது 1963இல்தான். அந்தக் கோப்பையின் மிக வெற்றிகரமான ஜோடியான செவே பாலஸ்டெரோஸும் ஹோசே மரியா ஒலாசபலும் இரண்டு முறைகளிலுமாக 15 ஆட்டங்களில் 11 வென்று, 2 சமன் செய்து, இரண்டில் மட்டுமே தோற்றார்கள்.

அணி ஆட்டம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது ஃபோர்சம்ஸ்தான் என்று நினைக்கிறேன். இங்கே 24காரரின் ஒவ்வோர் அடியும் கணக்கில் ஏறும். அவர் மணல் பள்ளமான பங்கரில் விட்டதை 8காரர் மீட்க வேண்டும். 8காரர் குழிக்கு மூன்றடி தூரத்தில் நிறுத்தியதை 24காரர் உருட்டிப் போட வேண்டும். இந்தப் பொறுப்பு சிலரை உயர்த்தும், சிலரை நசுக்கிவிடும். கூட்டாளியிடம் ஒவ்வோர் அடிக்கும் மன்னிப்புக் கேட்கும் சுபாவம் உள்ளவரை இதில் இழுத்துவிடுவது கொடுமை. ஆடும் ஜோடி ஒன்று செய்யலாம்: குழி அட்டையைப் பார்த்து, பார் 3 குழிகள் பெரும்பாலும் ஒற்றைப்படையில் வருகின்றனவா, இரட்டைப்படையிலா என்று எண்ணுங்கள். இரும்பு மட்டையில் துல்லியம் உள்ளவர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டே பந்துகள் என்பதால் ஆட்டம் விறுவிறுவென்று முடியும் என்பது கூடுதல் நன்மை.

ஃபோர்சம்ஸில் ஜோடியின் மொத்த ஹேண்டிகேப்பில் பாதி. நம் ஜோடிக்கு 16, எதிரணிக்கு 15. ஆக, இடைவெளி பெரிதாக உள்ள ஜோடிக்கு ஓர் அடி சலுகை கிடைக்கிறது.

கிரீன்சம்ஸுக்கு வரும்போது கணக்கு திரும்பிவிடுகிறது. இருவரும் தொடக்க அடி அடித்து, நல்ல பந்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து மாறி மாறி ஆடுவது இதன் வழி. குறைந்த ஹேண்டிகேப்பில் 60 விழுக்காடும் அதிக ஹேண்டிகேப்பில் 40 விழுக்காடும் சேர்த்தால் நம் ஜோடிக்கு 14, எதிரணிக்கு 15. இப்போது ஓர் அடி எதிரணிக்குப் போகிறது. காரணம் எளிது: தொடக்க அடியில் 8காரரின் பந்து எப்போதும் துணைக்கு இருக்கிறது, அந்தப் பாதுகாப்புக்கான விலை அது. நண்பர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். ஃபோர்சம்ஸில் பயமுறுத்தும் தொடக்க அடியின் சுமை இதில் பாதியாகிறது. அதன்பின் வரும் அடிகளின் பொறுப்பு இருவருக்கும் அப்படியே நிற்கிறது. 24காரர் ஒதுங்கி நடக்கவும் முடியாது, தனியாகத் தலைகுனியவும் நேராது.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் வந்துவிட்டால் ஸ்டேபிள்ஃபோர்டு கைகொடுக்கும். பாருக்கு 2, ஒன்று கூடினால் 1, பேர்டிக்கு 3 என்று ஹேண்டிகேப் கழித்த எண்ணுக்குப் புள்ளிகள். அணிக்கு இத்தனை சிறந்த புள்ளிகள் என்று எடுத்துக்கொண்டால் ஆள் குறைந்தாலும் சமாளிக்கலாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மேட்ச் பிளேதான் வேண்டும். ஒரு குழியில் பத்து அடித்தாலும் இழப்பது அந்த ஒரு குழிதான்; அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம். எதிராளியின் குறுகிய பட் அடியை அடிக்க விடாமலே, குழிக்குள் விழுந்ததாகக் கொடுத்துவிடும் உரிமையும் இதில் உண்டு. 1969 ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில் அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் எதிரணியின் டோனி ஜாக்லினுக்கு ஒரு பட் அடியைக் கொடுத்தார். போட்டி 16-16 என்று சமனில் முடிந்தது. மொத்த அடிகளை எண்ணும் போட்டியில் இந்தப் பெருந்தன்மைக்கு விதி இடம் தருவதில்லை. ஒவ்வொரு பந்தும் குழிக்குள் விழுந்தே தீர வேண்டும்.

எட்டுப் பேருக்கு நான் வகுப்பது இதுதான். முதல் ஒன்பது குழிகள் கிரீன்சம்ஸ், இரண்டு ஆட்டங்கள். அடுத்த ஒன்பது ஃபோர்பால், ஜோடிகளை மாற்றி இரண்டு ஆட்டங்கள். ஒன்பது குழிகள் என்பதால் சலுகை அடிகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். வென்றால் ஒரு புள்ளி, சமன் என்றால் அரை. மொத்தம் நான்கு புள்ளிகள் என்பதால் 2-2 என்று முடிய வாய்ப்பு அதிகம். அப்போது அணிக்கு ஒரு ஜோடி முன்வந்து, ஃபோர்சம்ஸில் ஒரே ஒரு குழி ஆடி முடிவு காணட்டும்.