ஏசி கேஸ் கசிவு: வீட்டில் எதுவரை, கடையில் எது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போய்வரும் எங்களுக்கு மார்ச் மாதம் ஏசி இல்லாமல் கார் எடுக்கவே மனம் வராது. ஆனால் வருடா வருடம் கேஸ் போடுவதை இங்கே பலரும் பெட்ரோல் போடுவது மாதிரி நினைத்துவிட்டார்கள். கேஸ் செலவாகிற பொருளே இல்லை, குழாய்க்குள் சுற்றி வருவதுதான் அதன் வேலை. ஒரே வருடத்தில் குறைந்தால் எங்கோ கசிகிறது.

வீட்டிலேயே முடிக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது கேஸ் டப்பாவில்தான். செலவு குறைவு, வேலை பத்து நிமிடம். ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் ஏற்றுகிறோம். சின்ன காருக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம்தான் தேவை. சரியான அளவு பானட் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அளவு கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. கசிவை அடைக்கும் மருந்து கலந்த டப்பா இன்னும் மோசம். அது கேஸ் பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பேன்ஷன் வால்வையே அடைத்துவிடலாம். தங்கள் மெஷின் கெடும் என்று கடைக்காரர்களும் அந்தக் காரைத் தொடத் தயங்குவார்கள். இந்த வழி வேண்டவே வேண்டாம்.

கசிவை நாமே தேடுவது வேறு விஷயம். அதை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். கேஸ் வெளியேறும்போது கம்ப்ரசர் ஆயிலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும், அதில் தூசி ஒட்டும். பைப் மூட்டுகளையும், முன்னால் கல்லடி படும் கண்டன்சரையும் (கேஸின் சூட்டை வெளியேற்றும் வலை) டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்த புழுதியாக இருக்க, ஒரு மூட்டு மட்டும் விரலில் பிசுபிசுக்கும். அங்கே சோப்புத் தண்ணீர் தடவிப் பொறுமையாக நின்றால் எள் அளவு குமிழ் ஒவ்வொன்றாகக் கிளம்பும். இன்ஜினை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்ப்பது நல்லது. ஏசி ஓடும்போது அழுத்தம் குறைவாக இருக்கும் பக்கத்திலும் அப்போது அழுத்தம் ஏறியிருக்கும். கேஸ் போடும் வால்வின் மூடியைக் கழற்றி அங்கேயும் ஒரு சொட்டு விடுங்கள், பலர் மறக்கிற இடம் அது.

இடம் தெரிந்ததும் ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். கண்ணில், கையில் பீய்ச்சினால் தோலே உறைந்துவிடும். ஒரு கிலோ கேஸ் காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் ஆயிரம் கிலோவுக்கும் மேலான கரியமில வாயுவுக்குச் சமம். அதனால் மிச்ச கேஸை மெஷினில் இழுத்தெடுக்கும் கடைக்குத்தான் போகவேண்டும். மூட்டில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சில ரூபாய்ச் சாமான், மாற்றுவதும் எளிது. அதன் பிறகு வேக்கம் போடுவதுதான், அதாவது பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பதுதான், வீட்டில் முடியாத வேலை. உள்ளே புகுந்த ஈரத்தை அதுதான் கொதிக்கவைத்து வெளியே எடுக்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டு, பம்ப்பை நிறுத்திய பின் அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேஸையும் எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். "டாப்-அப் போதும்" என்று சொல்லும் கடைக்கும் வீட்டு டப்பாவுக்கும் வித்தியாசம் இல்லை.

கூலிங் காயில் கசிந்தால் பெரும்பாலும் டேஷ்போர்டையே பிரிக்கவேண்டும், அது முழுக்கக் கடை வேலை. எதுவானாலும் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் மழைக்காற்று நுழையும் முன் முடித்துவிடுங்கள். திறந்த பைப்பில் அந்த ஈரக்காற்று பட்டால் ஏசி ஆயில் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும்.