பிறந்தநாள் கூட்டத்துக்குப் பல்மியேயா, மத்லேனா?

மகளின் எட்டாவது பிறந்தநாள் ஜூலை 14-க்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. புதுச்சேரியில் அந்த வாரம் பிரெஞ்சு தேசிய நாள் பேச்சாகவே இருக்கும். அதனால் நீலம், வெள்ளை, சிவப்பு பலூன் கட்டி, வரும் பிள்ளைகளையே பிரெஞ்சுப் பலகாரம் செய்ய வைக்கலாம் என்று முடிவு செய்தோம். ஒன்பது பிள்ளைகள், ஆறிலிருந்து பத்து வயது வரை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு சின்ன ஓடிஜி ஓவன்.

பாதாம் மாவிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் செய்யும் மக்காரோனை முதலிலேயே தள்ளிவிட்டேன். பிழிந்து வைத்த மாவு மேலே மெல்லிய தோல் கட்டும்வரை உலர வேண்டும்; கடலோரத்து ஈரக்காற்றில் அது லேசில் நடக்காது. அடுத்தது ஷூ (choux), உள்ளே கிரீம் நிரப்பும் உப்பலான பலகாரம். கொதிக்கும் வெண்ணெய்த் தண்ணீரில் மைதாவைக் கொட்டி அடுப்பில் கிண்ட வேண்டும். வேகும்போது அவசரப்பட்டு ஓவனைத் திறந்தால் அமுங்கிவிடும். பெரியவர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், பிள்ளைகளோடு செய்ததில்லை.

மிச்சம் இரண்டு. பல்மியே என்பது அடுக்கு மாவில் சர்க்கரை தூவிச் சுருட்டிச் சுடும் இதய வடிவப் பிஸ்கட். மத்லேன் என்பது சிப்பி வடிவக் குட்டிக் கேக். இரண்டு முட்டைக்கு மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா 100 கிராம், கொஞ்சம் பேக்கிங் பவுடர். சுடச்சுடச் சாப்பிட்டால் பல்மியேயைவிட ருசி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கென்று தனி அச்சுத் தட்டு வாங்க வேண்டும். வந்தவர்களில் மூன்று பேர் முட்டை சாப்பிடாதவர்கள் என்பதும் யோசிக்க வைத்தது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது காத்திருப்புதான். மத்லேன் மாவைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்தால்தான் நடுவில் அந்த அழகான மேடு எழும்பும். பிள்ளைகள் கலக்குவது ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு மணி நேரம் சும்மா. முதல் நாளே நான் கலக்கி வைத்தால் அவர்களுக்கு மிஞ்சுவது கரண்டியால் ஊற்றுவது மட்டும். அதற்கு எதற்கு அவர்களைக் கூப்பிட வேண்டும்?

பல்மியேயில் எல்லாமே கைவேலை. பிரெஞ்சில் பனைமரத்துக்கு அந்தப் பெயர். பப்ஸ் செய்கிற அதே அடுக்கு மாவு, உறைந்த ஷீட்டாகக் கடையில் கிடைக்கிறது. முட்டையும் இல்லை. 250 கிராம் மாவுக்கு 100 கிராம் சர்க்கரை. மேலும் கீழும் தூவி, இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சுருட்ட வேண்டும். ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இதிலும் ஒரு காத்திருப்பு உண்டு, மறைக்கவில்லை. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். ஜூலை வெயிலும் பிள்ளைகளின் சூடான உள்ளங்கையும் சேர்ந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் சுருட்டியதை ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்துத்தான் நறுக்க வேண்டும். இதற்கு நான் செய்தது இதுதான்: காலையிலேயே இரண்டு சுருள் தயாராக வைத்திருந்தேன். அவர்களுடையது இறுகும் நேரத்தில் என்னுடையது 200 டிகிரியில் வெந்தது. வீடு முழுக்கச் சர்க்கரை கருகுவதற்கு முந்தைய அந்த வாசனை. தட்டைப் பார்த்ததும் ஒரு பையன் "ஆன்ட்டி, இது லிட்டில் ஹார்ட்ஸ் பிஸ்கட்!" என்று கத்தினான். அதைத் தின்று முடிப்பதற்குள் அவர்கள் சுருள் நறுக்கத் தயார்.

ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குவதும், பத்தாவது நிமிடம் திருப்பிப் போடுவதும் பெரியவர்கள் வேலை. உருகிய சர்க்கரை கையில் பட்டால் எண்ணெய்ச் சூட்டைவிட மோசம், ஒட்டிக்கொண்டு சுடும். மொத்தம் 12 முதல் 15 நிமிடம். பேக்கரியில் சொல்லியும் மாவு வாங்கலாம். பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் போட்டிருப்பார்கள், வெயிலைத் தாங்கும், ஆனால் நாக்கில் ஒரு பிசுக்கு நிற்கும்.

இரண்டே பிள்ளைகள், மழை நாள், நிறைய நேரம் என்றால் மத்லேன் செய்யுங்கள். கூட்டம் என்றால் பல்மியேதான். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பேக்கிங் தாளின் அடிப்பக்கத்தில் அவரவர் வரிசைக்கு நேரே பென்சிலால் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிடுங்கள். கோணலாக வெந்ததைக்கூட "இது என்னோடது" என்று தேடித்தான் எடுத்தார்கள்.