முதலில் ராட், அப்புறம் பிஸ்டன்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் இன்ஜினைப் பலப்படுத்த இறக்கியதும் எல்லாருக்கும் ஃபோர்ஜ்டு பிஸ்டன் மேல்தான் கண், அதாவது வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய பிஸ்டன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த 1781 சிசி டர்போவில் பூஸ்ட்டை, அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றினால் முதலில் வளைவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். குறைந்த ஆர்.பி.எம்.மில் டார்க் திடீரென எகிறும்போது முழு அழுத்தமும் அதன் தலையில்தான் விழுகிறது. பிஸ்டன் உடைவது பெரும்பாலும் நாக்கிங்கால், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதால். டியூனிங் தப்பு என்றால் ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ரொம்ப நாள் தாங்காது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதா? ராட் வாங்குங்கள்.

இரண்டுக்கும் இருந்தால், பிஸ்டனில் 4032, 2618 என்று இரண்டு அலுமினியக் கலவைகள் வரும். 4032-இல் சிலிக்கான் சுமார் 12%. சூட்டில் அதிகம் விரியாது, அதனால் சிலிண்டர் சுவரோடு நெருக்கமாக உட்காரும். 2618-இல் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். அடி வாங்கினால் சட்டென்று பிளக்காது, ஆனால் நன்றாக விரியும். இடைவெளி கூடுதலாக விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று தட்டும். புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்குப் போய்வரும் வண்டி முழுதாகச் சூடாகும் முன்பே நின்றுவிடும். தினம் அந்தத் தட்டல் எதற்கு? வார இறுதியில் ஈ.சி.ஆரில் கொஞ்சம் விரட்டுவதற்கு 4032 தாராளம். டிராக்கில் பிழிபவர்கள் 2618 போடட்டும்.

ராடின் குறுக்குவெட்டு வடிவம் எச்-பீமா ஐ-பீமா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நல்ல 4340 எஃகு என்றால் ரோட்டு வண்டிக்கு எதுவும் சரி. போல்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சுழற்சி வேகம் 6,000-லிருந்து 7,000 ஆனால் ராடை இழுக்கும் விசை 36% கூடும். அந்த இழுப்பைத் தாங்குவது போல்ட்தான். அதை முறுக்கும்போது எவ்வளவு நீள்கிறது என்று அளந்து பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கும் முன் பிஸ்டனையும் ராடையும் கோக்கும் பிஸ்டன் பின்னின் விட்டத்தை அளந்துவிடுங்கள். இந்த இன்ஜின் குடும்பத்தில் 19 மி.மீ., 20 மி.மீ. இரண்டும் உண்டு, மாற்றி வாங்கினால் ராடும் பிஸ்டனும் சேராது. பிஸ்டன் கைக்கு வரும் முன்பே பிளாக்கை போரிங்குக்கு, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க, கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து பார்த்துத்தான் ஹோனிங்கை, அதாவது அந்தத் துளையின் கடைசித் தேய்ப்பை, முடிக்க வேண்டும்.