ஒரு குளிர் இரவு, ஒரே ஒரு பேய்க்கதை: எதைப் படிக்கலாம்?

கிறிஸ்துமஸ் சமயத்தில் பேய்க்கதை சொல்வது இங்கிலாந்தில் பழைய வழக்கம். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அந்த நாட்டுக் கதைகளில் ஒரு ராத்திரிக்கு ஒன்றே ஒன்று என்றால், என் கணக்கில் மூன்றுக்குத்தான் போட்டி.

சார்லஸ் டிக்கன்ஸின் 'தி சிக்னல்மேன்' 1866இல் வந்தது. முந்தின வருடம்தான் அவர் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர் தப்பியிருந்தார். அந்த நடுக்கம் கதையில் தெரிகிறது. சுரங்கப்பாதை வாசலில் தனியாக வேலை பார்க்கும் சிக்னல்காரருக்கு ஓர் உருவம் தென்படுகிறது. அது வந்தால் ஏதாவது அசம்பாவிதம் நடக்கும். 'ஆபத்து' என்று தந்தி அடிக்கலாம். "என்ன ஆபத்து, எங்கே?" என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார்? பேயைவிட இந்தக் கையாலாகாத நிலைதான் ஆளைப் பிசைகிறது. தனியாகப் படிக்க வேண்டிய கதை.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'தி மங்கீஸ் பா' (1902) அதற்கு நேர் எதிர், கூட்டத்துக்கு ஏற்றது. மூன்று வரம், ஒரு குரங்குக் கை, நள்ளிரவில் கதவைத் தட்டும் சத்தம். வாய்விட்டு வாசித்தால் சுமார் அரை மணி நேரம். ஆனால் முடிவு ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பாதி ருசி போய்விடும்.

எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர். கிறிஸ்துமஸ் இரவுகளில் ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்து, தான் எழுதிய கதைகளை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவாராம். 1904 தொகுப்பில் உள்ள 'ஓ, விசில்' என்று தலைப்பு தொடங்கும் கதையில், கடற்கரை இடிபாட்டில் கிடைத்த விசிலை ஒரு பேராசிரியர் ஊதிப் பார்க்கிறார். அவர் தங்கிய அறையில் இரண்டு கட்டில்கள், ஒன்று காலி. அதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுவிடும். ஆரம்பம் கொஞ்சம் இழுவைதான்: கோல்ஃப், கல்லூரிப் பேச்சு, வேண்டாத விருந்தாளியைத் தட்டிக்கழிப்பது. அவசரக்காரர்கள் பாதியிலேயே மூடிவிடுவார்கள்.

ஆனாலும் என் ஓட்டு ஜேம்ஸுக்கே. ரயில் சுரங்கமும் குரங்குக் கையும் நம் வீட்டில் கிடையாது. ஜேம்ஸ் பயமுறுத்தப் பிடித்துக்கொள்ளும் பொருள் குளிருக்கு நாம் போர்த்திக்கொண்டிருப்பதேதான். நாலு பேர் கூடியிருந்தால் மட்டும் ஜேக்கப்ஸ். மூன்றுமே காப்புரிமைக் காலம் முடிந்தவை, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.