கற்பிட்டி டொல்பின் படகு: எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்

போன தை மாதம் பிள்ளைகளோடு இலங்கையின் வடமேற்குக் கரையில் இருக்கும் கற்பிட்டிக்குப் போய் டொல்பின் பார்க்கும் படகில் ஏறினோம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் அந்தப் பக்கம் கடல் அடங்கியிருக்கும். விடியக் கிளம்பும் படகையே எடுங்கள், வெயில் ஏறினால் காற்றும் எழும்பிவிடும்.

தரம் ஐந்து படிக்கும் மகன், பாலாவிச் சந்தியில் வான் திரும்பும்போதும் விடவில்லை. "நீந்துது, செட்டை இருக்கு, அப்ப மீன்தானே அம்மா" என்று ஒரே பிடி.

கரையை விட்டு ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகுதான் கூட்டம் கண்ணில் பட்டது. சுழல் டொல்பின்கள், ஆள் நீளம் இருக்கும், தண்ணீரை விட்டு எழும்பிப் பம்பரமாகச் சுற்றி விழுகின்றன. எல்லாரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். படகோட்டி நானாவோ கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி எஞ்சினை நிறுத்திவிட்டு, "சத்தம் போடாமக் கேளுங்க" என்றார். புஸ்... புஸ்... மூச்சு! உச்சந்தலையில் ஒற்றைத் துளை திறந்து, தூவானம் பறந்து, உடனே மூடிக்கொண்டு உள்ளே போகிறது. மீனுக்குச் செவுள், இதுக்கு எங்களைப் போல நுரையீரல், மேலே வராவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று அவர் சொல்ல, மகன் தானும் மூச்சைப் பிடித்துப் பார்த்தான்.

அப்புறம் வாலைக் காட்டினார். மீன் வாலை இடம் வலமாக அடிக்கும், இதன் வால் கிடையாக இருப்பதால் மேலும் கீழும் அடிக்கிறது, பாய்ந்தோடும் நாயின் முதுகு வளைவதுபோல. ஒரு தாயின் விலாவோடு ஒட்டியபடி குட்டி வந்தது. முட்டை இல்லை, ஏறத்தாழப் பத்து மாதம் சுமந்து ஈனுகிறது. முலைக்காம்பு அடிவயிற்றுப் பிளவுக்குள் மறைந்திருக்கும், குட்டி வாய் வைத்ததும் கொழுப்பு நிறைந்த பாலைத் தாய் பீச்சிவிடும். உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் டொல்பின், திமிங்கிலக் கூட்டத்தை மீன்களிலிருந்து பிரித்து முலையூட்டிகளோடு சேர்த்தது சும்மா இல்லை. மகன் அதற்குப் பிறகு மீன் என்று சொல்லவில்லை.

குறையும் உண்டு. பிள்ளைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இல்லை, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதைவிட மோசம், வேறு இரண்டு படகுகள் முழு வேகத்தில் கூட்டத்தின் நடுவால் ஓடியது, அந்தத் தாயும் குட்டியும் எங்கே போயினவோ, பிறகு காணவே இல்லை. காசு கொடுக்குமுன் "கிட்டப் போனதும் எஞ்சினை நிறுத்துவீங்களா" என்று கேளுங்கள், மழுப்பினால் வேறு படகு பாருங்கள்.