ரையோலைட் ஊரின் பழைய ஸ்லைடுகள்: காசு கொடுத்து வாங்கலாமா?

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ரையோலைட் என்று ஒரு தங்கச் சுரங்க ஊர் இருந்தது. 1904-இல் அந்தப் பக்கத்து மலையில் தங்கம் கிடைத்தது. 1907 வாக்கில் ஊருக்கு மின்விளக்கு, தொலைபேசி, ரயில், பங்குச் சந்தை எல்லாம் வந்துவிட்டன. 1911-இல் பெரிய சுரங்கத்தை மூடினார்கள், 1916-இல் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். கதை முடிந்தது. பிற்காலத்தில் காரில் ஊர் சுற்ற வந்தவர்கள் அந்த இடிபாடுகளை 35 மி.மீ. கலர் ஸ்லைடுகளாக (புரொஜெக்டரில் போட்டுப் பார்க்க அட்டைச் சட்டத்தில் வைத்த ஃபிலிம் துண்டுகள்) எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். அப்படி 36 ஸ்லைடுகள் கொண்ட ஒரு பெட்டியை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையம் வழியாக வாங்கினேன். தபால் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்த்து ஆறாயிரம் ரூபாயைத் தொட்டது. குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு குடும்பத்துக்காவது கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) உறவு உள்ளது. வெள்ளைக்காரன் கம்பெனி கோலாரில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்திலிருந்தே வட ஆற்காட்டுக்காரர்கள் அங்கே போனார்கள். தாத்தா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார், பெரியப்பா 2001-இல் சுரங்கத்தை மூடும்வரை இருந்தார். தங்க ஊர் என்றால் எனக்குக் கை தானாக நீளும், அதான் காரணம்.

முதலில் சரக்கின் தரம். விற்பனையாளர் எல்லாமே கோடக்ரோம் என்று எழுதியிருந்தார். பெட்டியைத் திறந்தால் 21 தான் கோடக்ரோம், மிச்சமெல்லாம் பழைய எக்டாக்ரோம். இரண்டுமே கோடக் கம்பெனியின் ஸ்லைடு ஃபிலிம் வகைகள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. கோடக்ரோமைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பூச்சுள்ள பக்கத்தில் உருவம் லேசாகப் புடைத்துத் தெரியும். அட்டையிலும் பெயர் இருக்கும், சிலவற்றில் கழுவிய மாதமும் வருடமும்கூட அழுத்திப் பதிந்திருக்கும். எக்டாக்ரோம்களில் நீலச்சாயம் போய்விட்டதால் வானம், மணல், கார் எல்லாமே மாவடு ஊறுகாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சிவப்பு. எழுதிக் கேட்டதற்கு, 'இருப்பது இருக்கிறபடி விற்றேன்' என்று பதில் வந்தது. பேக்கிங்கைக் குறை சொல்ல முடியாது, ஒரு அட்டைகூட மடங்கவில்லை.

கோடக்ரோம்கள் வேறு ஜாதி. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வானம் அடர்நீலமாகவே நிற்கிறது. குக் வங்கிக் கட்டடம் மட்டும் ஆறு படங்களில் இருக்கிறது. 1908-இல் 90,000 டாலர் செலவில் மூன்று மாடியாகக் கட்டியது, உள்ளே இத்தாலியப் பளிங்குப் படிக்கட்டு. ஸ்லைடில் இருப்பது அதன் கான்கிரீட் எலும்புக்கூடு, ஜன்னல் இருந்த ஓட்டைகள் வழியே பின்னாலிருக்கும் மலை தெரிகிறது. ஒரு படத்தில் வெயில் பக்கவாட்டில் விழுந்து சுவரின் ஒவ்வொரு விரிசலும் எண்ணுகிற மாதிரி இருக்கிறது. ஆறாயிரத்தில் பாதி இந்த ஒரு படத்துக்கே சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

பாட்டில் வீடு அடுத்தது. பாலைவனத்தில் மரம் ஏது? டாம் கெல்லி என்பவர் 1906-இல் சுமார் 50,000 காலி பாட்டில்களை மண்ணோடு அடுக்கிச் சுவர் எழுப்பினார், பெரும்பாலும் பீர் பாட்டில்கள். ஊரில் எத்தனை சாராயக் கடை இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் நாலு படம் கிட்டத்தட்ட ஒரே கோணம், வீண். ரயில் நிலையம் அழகாக, முழுசாக நிற்கிறது. பள்ளிக்கூடம் 1909-இல் கட்டி முடித்தபோதே உட்காரப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். 1910 கணக்கெடுப்பில் ஊரில் 675 பேர்தான்.

வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் போட்டுப் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாதி வரைக்கும் பேசாமல் பார்த்தார். அப்புறம், "கடையும் பேங்கும்தான் வருது, ஷாஃப்ட் எங்கப்பா?" என்றார். ஷாஃப்ட் என்றால் சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி.

இந்தப் பெட்டியின் பெரிய குறை அதுதான். மான்ட்கொமரி ஷோஷோன் சுரங்கம்தான் அந்த ஊரையே தூக்கி நிறுத்தியது. 1906-இல் எஃகுத் தொழிலதிபர் சார்லஸ் ஷ்வாப் அதை வாங்கிய பிறகுதான் குழாய் நீர், மின்சாரம், ரயில் என்று பணம் கொட்டியது. அந்தச் சுரங்கத்துக்கு 36-இல் ஒரே ஒரு படம், அதுவும் சிவந்துபோன எக்டாக்ரோம். தங்கத் தாதுவை அரைக்கும் மில் இருந்த இடத்தின் அஸ்திவாரமும் கீழே சரிந்து கிடக்கும் கழிவு மண்ணும். பெரியப்பா எழுந்து சுவர் பக்கத்தில் போய் நின்று, "இது சைனைடு மேடு" என்று உடனே சொன்னார். சைனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டும் அந்தக் கழிவு மேடுகளை கேஜிஎஃப்பில் பார்த்தே வளர்ந்த கண் அது. காரில் வந்தவர்களுக்குக் கூரையில்லாத பேங்க்தான் வேடிக்கை, மண்மேடு முன்னால் எவன் வண்டியை நிறுத்துவான்? நாங்களோ அந்த ஒரு படத்தில்தான் ரொம்ப நேரம் நின்றோம்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். கோடக்ரோம் இருட்டில் வைத்தால் பல காலம் தாங்கும், விளக்கு வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். ஒரு படத்தைச் சுவரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அட்டைச் சட்டத்தில் இருக்கும் ஃபிலிம் சூட்டில் வளைந்து ஃபோகஸ் தவறும், மறுபடி திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஸ்கேன் போடும்போது தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியை அணைக்கச் சொல்லுங்கள், கோடக்ரோமில் அது படத்தின் ஓரங்களையே தின்றுவிடும். நான் கொடுத்த வேலூர் ஸ்டுடியோவில் சொன்னதும் புரிந்துகொண்டு, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பொறுமையாகச் செய்தார்கள். படத்துக்கு 40 ரூபாய், நியாயமான கூலி. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட எவர்சில்வர் டப்பா போதும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அட்டையின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, கோடக்ரோம் மட்டும் தனியாகத் தருகிற ஆள் கிடைத்தால் நாலாயிரம் வரை கொடுக்கலாம். பாட்டில் வீட்டுப் படங்களில் மூன்று என்னிடம் உபரி, தபால் செலவை ஏற்றுக்கொண்டால் அனுப்பிவைக்கிறேன். கேஜிஎஃப்பின் ஷாஃப்டோ மில்லோ ஸ்லைடாக யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள், சிவந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, நான் வாங்கிக்கொள்கிறேன்.