சிவில், என்விரான்மெண்டல்: இரண்டு மேஜரா, ஒரு மேஜரும் மாஸ்டர்ஸுமா?

அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "மாமா, சிவில் இன்ஜினியரிங்கோட என்விரான்மெண்டல் இன்ஜினியரிங்கையும் சேர்த்து டபுள் மேஜர் பண்ணட்டுமா? பாதிப் பாடம் ரெண்டுக்கும் ஒண்ணுதானே?"

டபுள் மேஜர் என்றால் ஒரே இளங்கலைப் படிப்பில் இரண்டு முதன்மைத் துறைகள். சிவில் கட்டுமானத்தைப் பற்றியது, என்விரான்மெண்டல் சுற்றுச்சூழலைப் பற்றியது. ஒன்றாக இருக்கும் பாடங்கள் நிறையத்தான். ஸ்டாட்டிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹைட்ராலஜி எல்லாம் இரண்டிலும் வரும். அதற்கப்புறம் சிவில் படிப்பவர் மண், கான்கிரீட், ஸ்டீல், சாலை என்று போவார். என்விரான்மெண்டல் படிப்பவர் நீர் வேதியியல், நுண்ணுயிரியல், காற்று மாசு என்று போவார். இரண்டு பக்கமும் எதற்கு உதவும் என்பதை ஒரு கழிவுநீர் நிலையத்தில் நின்று பார்த்தால் புரியும்.

படிவுத் தொட்டியைப் பராமரிப்புக்காகக் காலி செய்கிறார்கள். மழைக்காலம், நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கிறது. உள்ளே இருந்த தண்ணீரின் பாரம் போனதும், கீழிருந்து தள்ளும் அழுத்தம் அந்தக் கான்கிரீட் தொட்டியையே படகு மாதிரி தூக்கிவிடும். இதற்காகத்தான் தொட்டியின் தரையில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வுகள் வைக்கிறோம். தொட்டியை இறைக்கும் முன் சுற்றிலும் நீர்மட்டம் பார்க்கிறோம். இது சிவில் சொல்லித்தரும் பயம்.

குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்துக்கு வாருங்கள். ஆறு பீக்கர்களில் ஒரே ஆற்று நீர், அழுக்கைத் திரட்டப் போடும் ஆலம் (படிகார வகை உப்பு) மட்டும் வரிசையாகக் கூடிக்கொண்டே போகிறது. துடுப்புகள் முதலில் வேகமாக, பிறகு மெதுவாகச் சுற்றுகின்றன. மூன்றாவதில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அழுக்கு கீழே இறங்குகிறது. ஆறாவதில் ஆலம் அதிகம், ஆனாலும் நீர் கலங்கலாகவே நிற்கிறது. ஏன் என்று கேட்டால் சிவில் பாடத்தில் மட்டும் விடை கிடைக்காது. துகள்களின் மின்னேற்றம் தெரிந்திருக்க வேண்டும்.

நீரின் வேதியியலைக் கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் போதும். 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நீரை விட்டு அந்த நகரம் ஃப்ளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. குழாய்கள் அதே குழாய்கள்தான். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டை மட்டும் சேர்க்கவில்லை. குழாயின் உள்ளே இருந்த காப்புப் படலம் போய், ஈயம் வீட்டுத் தண்ணீரில் கலந்தது. குழந்தைகள் அதைக் குடித்தார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதனால், தண்ணீர்த் துறைக்கு வருகிற யாருக்கும் இரண்டு அறிவும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு இரண்டு மேஜர் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இன்ஜினியராகத் தொழில் செய்ய வாங்கும் லைசன்ஸ் வழியில் பார்த்தால் வேண்டாம். பட்டம் முடிக்கும் நேரத்தில் எழுதும் எஃப்இ (ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் இன்ஜினியரிங்) தேர்வு 110 கேள்விகள். அதன் சிவில் தாளிலேயே நீர்வளமும் சுற்றுச்சூழலும் இருக்கின்றன. பிறகு வரும் புரொஃபஷனல் இன்ஜினியர் தேர்வில் சிவிலுக்கு உள்ள ஐந்து பிரிவுகளில் ஒன்று நீர்வளமும் சுற்றுச்சூழலும்தான். கலிஃபோர்னியாவில் என்விரான்மெண்டலுக்கெனத் தனி லைசன்ஸே கிடையாது, சிவில்தான். குடிநீர், கழிவுநீர் வேலை விளம்பரங்களிலும் "சிவில் அல்லது என்விரான்மெண்டல்" என்றுதான் அநேகமாகப் போடுகிறார்கள்.

"ரெண்டு டிகிரி இருந்தா ரெண்டு பக்கமும் கதவு திறக்குமே" என்று அத்தான் சொல்கிறார். அந்தக் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது என்பதைத்தான் அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செலவுக்கு வருவோம். ஜார்ஜியா டெக்கில் ஒரே துறைதான் இரண்டு பட்டங்களையும் தனித்தனியாகத் தருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் இரண்டையும் சேர்த்து முடிக்க ஒரு செமஸ்டரோ ஓராண்டோ கூடலாம். பாடங்கள் இவ்வளவு ஒன்றாக இருப்பதாலேயே டபுள் மேஜரை அனுமதிக்காத துறைகளும் உண்டு. அந்தக் கூடுதல் காலத்துக்குக் கட்டணம் முழுசாகக் கட்ட வேண்டும். மாஸ்டர்ஸ் என்றால் ஆய்வு உதவியாளர் இடம் கிடைத்தவருக்குக் கட்டணமே குறையும். பல மாநிலங்களில் அதை லைசன்ஸுக்கான அனுபவத்தில் ஓராண்டாகவும் எண்ணுகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு விசா கணக்கு இன்னும் முக்கியம். இளங்கலையில் எத்தனை மேஜர் முடித்தாலும் ஓபிடி, அதாவது மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, ஒரு தடவைதான்: 12 மாதம், அறிவியல், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதம். மாஸ்டர்ஸ் முடித்தால் இன்னொரு தடவை கிடைக்கும். எச்1பி என்ற வேலை விசாவின் ஆண்டு வரம்பான 85,000-இல் 20,000 அமெரிக்காவில் மாஸ்டர்ஸோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு. டபுள் மேஜருக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை.

ஆகவே நான் சொன்னது: சிவிலை மட்டும் மேஜராக வை. நீர் வேதியியல், நுண்ணுயிரியல், சுத்திகரிப்பு வடிவமைப்பு மூன்றையும் விருப்பப் பாடமாக எடு. பிறகு என்விரான்மெண்டலில் மாஸ்டர்ஸ் செய். பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படித்துச் சம்பாதித்த கிரெடிட்டுகளால் நான்கு ஆண்டுக்குள் இரண்டும் அடங்குமென்றால் டபுள் மேஜரைத் தாராளமாகச் செய்யலாம். காற்று மாசிலோ, நஞ்சேறிய நிலத்தைச் சீர்செய்வதிலோ மனசு இருப்பவருக்கு என்விரான்மெண்டல் ஒன்றே போதும்.

கேட்டுவிட்டு அவள் அடுத்த செமஸ்டர் கால அட்டவணையைத் திறந்தாள். நீர் வேதியியலும் ஸ்டீல் டிசைனும் செவ்வாய்க்கிழமை ஒரே மணிக்கு மோதுகின்றன.

"எதை எடுக்கட்டும் மாமா?"

"நீர் வேதியியல். ஸ்டீலை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."